அந்த மூலையை மட்டும் கூட்டாதீங்க

"இப்பத்தான் சார் பார்க்கு பார்க்கு மாதிரி இருக்கு." எங்க ஊரு நகராட்சிப் பூங்காவைப் புதுப்பிச்சுத் திறந்த வாரத்துல, தினமும் காலையில நடக்க வர்ற ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் எங்கிட்ட சொன்னது இது. மனசாரத்தான் சொன்னார். அவர் கை காட்டின பக்கமெல்லாம் புது பேவர் பிளாக், கொரியன் புல்லு, மஞ்சளும் நீலமுமா ஓப்பன் ஜிம் மெஷினுங்க, ஊர்ப் பேரை ஆளுயரத்துக்கு எழுதி வச்ச செல்ஃபி பாயின்ட், ராத்திரி பத்து மணிக்கும் பகலா அடிக்கிற எல்.இ.டி. லைட்டு. தரையில ஒத்தச் சருகு கிடையாது. நானும் தலையாட்டிட்டு வந்தேன், ஏன்னா அவர் சொன்னதுல பாதி எனக்கும் சம்மதம்தான், பொம்பளைங்க சாயங்காலம் ஏழு மணிக்குப் பயமில்லாம நடக்கணும்னா லைட்டு வேணும், வீல்சேர் ஏற சரிவு வேணும், தண்ணி வர்ற கக்கூஸ் வேணும், இதெல்லாம் இத்தனை வருஷம் இல்லாம இருந்ததே பெரிய தப்பு. ஆனா அந்த ஒரு வரி மட்டும் மண்டைக்குள்ள உக்காந்துகிட்டு எறங்கவே மாட்டேங்குது. பார்க்கு மாதிரின்னா எந்த மாதிரி? அந்தச் சருகுல்லாம் எங்க போச்சு? அதுல மேஞ்சுக்கிட்டு இருந்ததெல்லாம் எங்க போச்சு?

நான் அங்க போறதே பறவை பாக்கத்தான். டெல்டாவுல ஒரு சின்ன ஊரு, ஊருக்கு நடுவுல பழைய பார்க்கு, சுத்தி வர பஸ் ஸ்டாண்டு, ஜவுளிக்கடை, தாலுகா ஆபீஸ். முன்னாடி அங்க ரெண்டு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்துச்சு, 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா வேதாரண்யத்துக்கிட்ட கரையேறினப்ப ரெண்டும் வேரோட சாஞ்சிருச்சு. அந்தப் புயல்ல இந்தப் பக்கத்துல யாரு வீட்டுல எத்தனை தென்னை போச்சுன்னு இன்னைக்கும் ஆளாளுக்குக் கணக்கு வச்சிருக்காங்க, பார்க்கு மரத்துக்குக் கணக்கு கேக்க ஆளு இல்லை. ஆனா அதுக்கப்புறம் நடந்தது எனக்கு முக்கியம். பெரிய மரம் விழுந்து வெயில் தரைக்கு எறங்கினதும், கிழக்கால பம்பு ரூமுக்குப் பின்னாடி தானா ஒரு புதர் கெளம்புச்சு. நுணா, நொச்சி, ஆமணக்கு, பறவை எச்சத்துல மொளச்ச வேப்பங்கன்னு, சுவத்தைப் பிடிச்சு ஏறுன கோவைக்கொடி. பம்பு ரூம் பைப்பு எப்பவும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த ஈரத்துல புங்கஞ்சருகும் வேப்பஞ்சருகும் கணுக்கால் முழுகுற அளவுக்குக் கெடக்கும். நகராட்சிக் கணக்குல அது பராமரிப்பு இல்லாத இடம். என் நோட்டுல அந்தப் பார்க்குலயே அதிகமா பறவை எழுதின இடம்.

பார்க்ல என்ன பெருசா பறவை இருக்கப் போவுது

இதைக் கேக்காத ஆளு இல்லை. பைனாகுலரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பார்க்குல நின்னா, "காக்காவும் மைனாவும் பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க, பறவை பாக்கணும்னா கோடியக்கரை போங்க, வேடந்தாங்கல் போங்க"ன்னு சொல்லத்தான் செய்வாங்க. கோடியக்கரைக்கும் போறேன், யாரு வேணாம்னா. ஆனா வேடந்தாங்கல்னு நாம தனியா தூக்கி வச்சுப் பேசுற இடம் அடிப்படையில ஒரு ஊர் ஏரி, அந்த ஊரு ஜனங்க பறவை எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு நல்லதுன்னு கண்டுக்கிட்டு, வெள்ளைக்காரன் காலத்துலயே கலெக்டர் வரைக்கும் போயி வேட்டையாடக் கூடாதுன்னு எழுதி வாங்கினவங்க. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில பறவை பயந்துரும்னு தீபாவளிக்கு வெடியே போடாம இருக்காங்க. சரணாலயம்னு போர்டு மாட்டுறதுக்கு முன்னாடியே அங்கெல்லாம் பறவை இருந்துச்சு, மனுஷனும் இருந்தான். அதனால பறவைன்னாலே அறுபது கிலோமீட்டர் தள்ளி கம்பி வேலிக்குள்ள இருக்கற விஷயம்ங்கற நெனப்பை என்னால ஏத்துக்க முடியலை. அப்படி நெனைக்கறதுனாலதான் ஊருக்குள்ள இருக்கறதை அழிக்கும்போது நமக்கு உறுத்த மாட்டேங்குது.

அதோட, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாக்கறதுல கெடைக்கற ஒண்ணு டூர் போற எடத்துல கெடைக்காது. சரணாலயத்துல நீங்க போற அன்னைக்கு என்ன இருக்கோ அதைப் பாப்பீங்க. பார்க்குல யாரு வரலைங்கறதும் தெரியும். மழை சீசனுக்கு முன்னாடி, செப்டம்பர் வாக்குல, நொச்சிப் புதருக்குள்ளேர்ந்து 'சக்... சக்'னு நாக்கைத் தட்டுற சத்தம் வரும். ஆளைப் பாக்கறது கஷ்டம், பழுப்பா ஒண்ணுமில்லாத ஒரு குருவி, பிளைத் நாணல் கதிர்குருவின்னு பேரு, பத்துப் பன்னெண்டு கிராம்தான் எடை. ரஷ்யா, கஜகஸ்தான் பக்கமெல்லாம் குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்தைக் கழிக்க நம்ம பக்கம் வருது. பறந்து வந்த தூரத்தையும் அது எறங்கியிருக்கற இடத்தையும் சேத்து நெனைச்சுப் பாருங்க, பம்பு ரூமுக்குப் பின்னாடி ஒரு புதர், அந்தப் பக்கம் மதில், மதிலுக்கு அந்தாண்ட மினி பஸ்காரன் ஹாரன். அந்தப் புதரை ஒரு நாள் கட்டர் வச்சு இடுப்புயரத்துக்கு சதுரமா வெட்டி விட்டாங்க. மறுநாள் 'சக்' சத்தம் இல்லை. அந்த சீசன் முழுக்கவே இல்லை. அழகா வெட்டின வேலிச்செடி, உள்ள நுழைஞ்சு மறைஞ்சுக்க எடமில்லாத வேலிச்செடி.

கொடிக்கால் வாலாட்டியும் அப்படித்தான். மத்த வாலாட்டியெல்லாம் வாலை மேலயும் கீழயும் ஆட்டும், இது மட்டும் பின்பாதி உடம்போட சேத்து பக்கவாட்டுல ஆட்டிக்கிட்டே நிழல்ல நடக்கும். நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்டை. கிழக்கு ஆசியாவுல, கொரியா வடக்கு சீனா பக்கமெல்லாம் கூடு கட்டுற பறவை, நம்ம ஊருல மரத்தடி நிழலும் ஈரச் சருகும் தேடி வருது. அப்புறம் வருஷம் பூரா இருக்கற தவிட்டுக்குருவிக் கூட்டம், ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே சருகை வாரி எறைச்சு மேயும், ஒண்ணு மட்டும் மேல கெளையில உக்காந்து காவல் பாக்கும், வல்லூறு நெழல் தெரிஞ்சா அது குடுக்கற சத்தத்துல அணில் உட்பட எல்லாம் அடங்கிரும். வாலாட்டிக்கும் தவிட்டுக்குருவிக்கும் வேணுங்கறது நம்ம பார்வைக்குக் குப்பையா தெரியற ஒரே சாமான். சருகு. அதைக் கிளறினா மரவட்டை, கரையான், எறும்பு, சின்னக் கரப்பான், மண்புழு, புழு பூச்சி முட்டைன்னு ஒரு உலகமே இருக்கு. கொரியன் புல்லைக் கிளறினா ஒண்ணும் இல்லை, அது மருந்து அடிச்சு வளக்கற பாய்.

ஐப்பசியில வந்தவர்

புதுப்பிக்கற வேலை நடந்தப்ப பார்க்குல முக்காவாசி தரை கல்லாயிருச்சு. பம்பு ரூமுக்குப் பின்னாடி மட்டும் டெண்டர்ல வரலைன்னு விட்டாங்க. புதர் போச்சு, ரெண்டு நுணாவும் ஒரு புங்கனும் மட்டும் மிச்சம். கூட்டுற சருகையெல்லாம் அங்க கொண்டாந்து கொட்டுவாங்க, கொட்டிட்டுக் கொளுத்துவாங்க. அந்த வருஷம் ஐப்பசி பொறந்து மழை சரியா புடிக்காத ஒரு விடியக்காலை, இன்னும் வெளிச்சம் முழுசா வரலை, அந்தப் பக்கமிருந்து ரெண்டு சுதியா ஒரு விசில். 'வீட்... டியூ'. கொஞ்சம் விட்டு மறுபடி. கேட்டதும் கால் நின்னு போச்சு. ஆறுமணிக்குருவி. காலையில ஆறு மணி வாக்குலயும் சாயங்காலம் ஆறு மணி வாக்குலயும் கத்துறதால அந்தப் பேரு, தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க.

இந்தப் பறவையைப் பத்தி தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். கோடைக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் இமயமலை அடிவாரம், மத்திய இந்தியான்னு வடக்கால கூடு கட்டும், குளிர்காலத்துக்கு தெக்கால எறங்கி நம்ம பக்கமும் இலங்கைக்கும் வரும். ராத்திரியிலதான் பறக்கும். கோடியக்கரையில பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டிக்காரங்க வலை வச்சுக் கால்ல வளையம் மாட்டி விடுற பறவைங்கள்ல இதுவும் உண்டு. ஐப்பசி வாக்குல வீட்டுத் திண்ணையில, மாடிப்படிக்கு அடியில, சில சமயம் பாத்ரூம்லகூட "கலர் கலரா ஒரு குருவி வந்து உக்காந்திருக்கு, பறக்க மாட்டேங்குது"ன்னு யாராவது போட்டோ அனுப்புவாங்க பாருங்க, பெரும்பாலும் அது இதுதான். ராத்திரியெல்லாம் பறந்து களைச்சு, கண்ணாடியிலயோ சுவத்துலயோ மோதி எறங்கினது. அதுக்கு அந்த நேரத்துல நிழலும் அமைதியும்தான் வேணும், அரிசியும் வேணாம், கூண்டும் வேணாம்.

நான் மதிலோரமா மெதுவா போயி குத்துக்கால் போட்டு உக்காந்தேன். சருகுக் குவியலுக்கு ஓரமா நின்னுச்சு. வால் இருக்கா இல்லையான்னு சந்தேகப்படற அளவுக்குக் குட்டை வால், அதை நிதானமா மேலயும் கீழயும் அசைச்சுக்கிட்டே இருந்துச்சு. நிமிந்து நிக்கற நெட்டுக்கால். கண்ணைச் சேத்து ஒரு கறுப்புப் பட்டை, தலைக்கு நடுவுல ஒண்ணு, தொண்டை வெள்ளை, முதுகு பச்சை, இறக்கையில பளிச்சுனு ஒரு துண்டு நீலம், வயித்துக்கு அடியில செவப்பு. ஒரு புங்கஞ்சருகோட ஓரத்தை அலகால பிடிச்சு பக்கத்துல தள்ளுச்சு. தலையைச் சாய்ச்சு ரெண்டு நொடி நின்னுச்சு. அடுத்த சருகு. அடியிலேர்ந்து ஒரு மண்புழுவை இழுத்துச்சு, அது அறுந்துராம, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து முழுசா வெளிய எடுத்துச்சு. இவ்வளவு வேலையும் ஒரு முழம் அகல எடத்துல. ராத்திரி எத்தனை ஊரைத் தாண்டி வந்துச்சோ, அதுக்கு இப்ப வேண்டியிருந்தது கூட்டாத அந்த ஒரு முழம் தரை.

அப்பத்தான் பின்னாடி தொடப்பச் சத்தம் நின்னுச்சு. பார்க்கு கூட்டுற அக்கா. காண்ட்ராக்ட்ல வேலை பாக்கறவங்க, அம்பதைத் தாண்டினவங்க, ஆரஞ்சு கலர் கோட்டு போட்டிருப்பாங்க. நான் வாயில வெரல் வச்சு "அக்கா, ஒரு நிமிஷம்"னு கையைக் காட்டினேன். அவங்க கிட்ட வந்து சாதாரணமா எட்டிப் பாத்துட்டு, "வந்துருச்சா"ன்னாங்க.

"உங்களுக்குத் தெரியுமாக்கா இது?"

"வருஷா வருஷம் வருதே தம்பி. ஐப்பசி பொறந்தா வரும். வந்த அன்னைக்கு ஒண்ணும் பண்ணாது, ஒரு ஓரமா பம்மிக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு நா ரெண்டு நா மேஞ்சுதுன்னா தெளிஞ்சுரும். அதான் இது வர்ற மாசத்துல நான் இந்தப் பக்கம் தொடப்பமே போடறதில்ல. கொளுத்தறதும் இல்ல, அந்தாண்ட கொண்டு போயி கொட்டிருவேன்."

"சூப்பர்வைசர் ஒண்ணும் கேக்க மாட்டாரா?"

"கேப்பாரு. கூட்டிக்கிட்டு இருக்கேன்னு சொல்லுவேன். பாவம், வாயில்லாததுக்கு வேற எங்க எடம் இருக்கு?"

எனக்கு அந்த எடத்துல பேச்சு வரலை. கல்லு பதிச்சது போக விட்டுப்போன மூலை, யார் கண்ணுலயும் படாம தப்பிச்சுக் கெடக்குதுன்னுதான் பாக்கறவங்க நெனைப்பாங்க. அது தானா தப்பிச்சது இல்லை. ஒருத்தங்க கையில தொடப்பத்தை வச்சுக்கிட்டே, திட்டு வாங்குவோம்னு தெரிஞ்சும், வருஷத்துல ஒரு மாசம் அதை விட்டு வச்சிருக்காங்க. பைனாகுலர் இல்லை, புஸ்தகம் இல்லை, லிஸ்ட் போடற ஆப்பு இல்லை, பறவைக்கு அவங்க வச்ச பேரும் வேற, 'பச்சக் கோழிக்குஞ்சு'. ஆனா அது எப்ப வரும், வந்தா எப்படி நடந்துக்கும், அதுக்கு என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியும். எங்க ஊருல முதல் பறவை ஆர்வலர்னு யாரையாச்சும் சொல்லணும்னா நான் அவங்களைத்தான் சொல்லுவேன்.

முன்ன போட்டோ, பின்ன போட்டோ

அதுக்கப்புறம் அவங்ககிட்ட அடிக்கடி பேசினதுல ஒரு விஷயம் புரிஞ்சுது. சருகு ஏன் இவ்வளவு தீவிரமா கூட்டப்படுதுன்னா, பாதி காரணம் வாட்ஸ்அப். தினமும் காலையில கூட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, கூட்டின பின்னாடி ஒரு போட்டோ குரூப்ல போடணும். ரெண்டாவது போட்டோவுல தரை வெறுமையா தெரியணும். ஒரு இலை தெரிஞ்சாலும் மேலேர்ந்து ஒரு கேள்விக்குறி வரும். பிளாஸ்டிக் கவரும் வேப்பஞ்சருகும் அந்தப் போட்டோவுல ஒண்ணுதான், ரெண்டும் குப்பை. கூட்டற அக்காவால இதுல எதையும் மாத்த முடியாது, அவங்களுக்குக் கெடைக்கற சம்பளத்துக்கும் அதுல புடிக்கற புடித்தத்துக்கும் இந்த ரிஸ்க்கை அவங்க தலையில வச்சுட்டு நான் போட்டோ எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறது அநியாயம். அதனால இதை ஒருத்தங்களோட நல்ல மனசை நம்பி விடக்கூடாது, ஆபீஸ் பேப்பர்ல ஏறணும்னு முடிவு பண்ணேன்.

பறவைக்காகன்னு மனு கொடுத்தா சிரிப்பாங்கன்னு நண்பர்கள் சொன்னாங்க. சிரிச்சாலும் பரவாயில்லைன்னு அதையும் எழுதினேன், ஆனா மனுவுக்குப் பிடிமானம் வேற. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே, பூங்கா தோட்டக் கழிவுகளைத் தனியா சேகரிச்சு முடிஞ்ச வரைக்கும் அந்தப் பூங்காவுக்குள்ளயே பதப்படுத்தணும்னு உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில குப்பை எரிக்கறதைத் தடை பண்ணி, சும்மா எரிச்சா 5,000 ரூபா, பெரிய அளவுல எரிச்சா 25,000 ரூபா அபராதம்னு உத்தரவு போட்டுச்சு. ஆக, சருகை பார்க்குக்குள்ளயே வச்சு மக்க விடுறதுதான் விதி, கொளுத்தறதுதான் விதிமீறல். இதை ஒரு பக்கத்துக்குள்ள எழுதி, அந்த மூலையோட அளவைப் போட்டு, கையால ஒரு படமும் வரைஞ்சு ஏரியா சபைக் கூட்டத்துல கொடுத்தேன்.

கவுன்சிலரம்மா பொறுமையா படிச்சாங்க. அவங்க கேட்ட முதல் கேள்வி நியாயமானது: "பாம்பு வந்தா யாரு பதில் சொல்றது? புள்ளைங்க வெளையாடற எடம் சார்." பாம்பு வரவே வராதுன்னு நான் சொல்லலை, அது பொய். சருகு கெடக்கற எடத்துல ஓணான், அரணை, சாரை எல்லாம் இருக்கலாம், நல்ல பாம்பும் வரலாம். அதனாலதான் குழந்தைங்க ஊஞ்சல் பக்கம் சருகை வைக்கச் சொல்லலை, ஊஞ்சலுக்கு எதிர்மூலையில, பம்பு ரூமுக்குப் பின்னாடி, முழங்கால் உயரத்துக்கு செங்கல் வரப்பு கட்டி அதுக்குள்ள மட்டும். அடுத்த கேள்வி கொசு. கொசு முட்டை போடறது தேங்குன தண்ணியில, அதே பார்க்குல ஜிம் மெஷினுக்கு அடியில கெடக்கற டீ கப்புலயும் அடைச்சுக்கிட்ட வாய்க்கால்லயும். அதைச் சரி பண்ணச் சொல்லித் தனியா ஒரு பாயின்ட் மனுவுலயே இருந்துச்சு. அவங்க சிரிக்கலை. சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு "இதை உரக்குழின்னு காட்டிரலாமா?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்வியில வேலை முடிஞ்சுது. உரக்குழிக்கு அரசாங்கத்துல ஒரு கட்டம் இருக்கு, பறவைக்கு இல்லை. இன்னைக்கு அங்க பச்சை பெயின்ட்ல 'இலை உரம் தயாரிக்கும் இடம்'னு எழுதியிருக்கு. போட்டோவுல அந்தப் பக்கம் சருகு தெரிஞ்சா யாரும் கேள்விக்குறி போடறதில்லை.

எனக்கு அதுல முழுத் திருப்தி இல்லைங்கறதையும் சொல்லணும். உரக்குழின்னா உரத்தை அள்ளணும், அள்ளினா கீழ இருக்கறதெல்லாம் கலையும். அதனால சித்திரை, வைகாசியில மட்டும், வடக்கேர்ந்து வந்ததெல்லாம் திரும்பிப் போன பின்னாடி அள்ளுங்கன்னு கேட்டுக்கிட்டோம், பாதி குழியை ஒரு வருஷம், மீதியை அடுத்த வருஷம். இதுவரைக்கும் அப்படித்தான் நடக்குது. பைப்பு கசிவைச் சரி பண்ணினது நல்லதுதான், குடிதண்ணி வீணாகக் கூடாது, ஆனா ஈரம் போச்சு. இப்ப அந்த அக்கா கை கழுவற தொட்டித் தண்ணியை அங்க திருப்பி விட்டிருக்காங்க.

வந்தவங்க, வராதவங்க

குழி கட்டின அடுத்த ஐப்பசியில ஆறுமணிக்குருவி வந்துச்சு. அதே பறவையான்னு சொல்ல முடியாது, வளையம் எதுவும் கால்ல இல்லை. ரெண்டு மூணு வாரம் இருந்துட்டுக் காணாமப் போச்சு, இன்னும் தெக்கால போயிருக்கலாம். கொடிக்கால் வாலாட்டி மார்கழி பூரா இருந்துச்சு. அந்தப் பொங்கலுக்குப் பக்கத்து ஸ்கூல் பசங்க கொஞ்ச பேரைக் கூட்டிக்கிட்டு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்தினோம், 2015லேர்ந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் சமயத்துல நடக்கற கணக்கெடுப்பு அது, ஒரே எடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு பாத்ததையெல்லாம் எண்ணி இ-பேர்டுங்கற பறவைப் பதிவுத் தளத்துல ஏத்தணும், அவ்வளவுதான். பெரிய காமெராவோ பயணமோ எதுவும் வேண்டாம், அவங்கவங்க தெருவுல நின்னே செய்யலாம், அதனாலதான் எனக்கு அது பிடிக்கும். ஏழாப்பு படிக்கற ஒரு பொண்ணு, தவிட்டுக்குருவிக் கூட்டத்தை மத்தவங்க தோராயமா எழுதினப்ப அது ஒத்துக்காம ஒவ்வொண்ணா எண்ணி முடிக்கற வரைக்கும் எல்லாரையும் நிக்க வச்சுது. அந்தப் புள்ளைக்கு நான் ஒரு பழைய பைனாகுலரைக் கொடுத்திருக்கேன்.

வராதவங்களும் இருக்காங்க. பிளைத் கதிர்குருவி இன்னும் திரும்பலை, நொச்சிப் புதர் ஆளுயரம் வளர்ந்தாதான் வரும்னு நெனைக்கறேன், நட்டிருக்கோம். வேண்டாத விருந்தும் ஒண்ணு வந்துச்சு. ஆறுமணிக்குருவி போட்டோ வாட்ஸ்அப்ல பரவி, வெளியூர்லேர்ந்து பெரிய லென்சோட ரெண்டு பேரு வந்து, செல்போன்ல அதோட குரலையே திரும்பத் திரும்பப் போட்டு வெளிய வரவழைக்கப் பாத்தாங்க. அது எடத்துக்குப் போட்டியா இன்னொண்ணு வந்துருச்சுன்னு பதறி ஓடி வரும், மேய வேண்டிய நேரத்தையெல்லாம் அதுல செலவழிக்கும். நல்ல விதமா சொல்லிப் பாத்தேன், கேக்கலை, அந்த அக்காதான் தொடப்பத்தோட வந்து "கூட்டணும், எந்திரிங்க"ன்னு ஒரே அதட்டல்ல அனுப்பி வச்சாங்க. அதுலேர்ந்து பறவை இருக்கற சமயத்துல நான் போட்டோவை எந்த குரூப்லயும் போடறதில்லை, கெளம்பிப் போன பின்னாடிதான் லிஸ்ட்டை ஏத்தறது.

ரிட்டயர்டு வாத்தியார் இன்னும் தன் கருத்துலதான் இருக்கார். அந்த மூலை பார்க்கோட அழகைக் கெடுக்குதுன்னும், அங்க கல்லு பதிச்சா ஒரு ஷட்டில் கோர்ட் வருமேன்னும் அடுத்த ஏரியா சபையில அவரும் மனு கொடுத்தார். எனக்கு அவர் மேல கோவம் இல்லை. சாணி தெளிச்ச வாசல்ல ஒரு இலை கெடந்தாலும் திட்டு வாங்கி வளந்த தலைமுறை, கூட்டின தரைதான் லட்சுமின்னு நம்பற வீடு. என் அம்மாவும் அப்படித்தான். ஆனா அந்த வாசலுக்குப் பின்னாடி எல்லா வீட்டுக்கும் ஒரு கொல்லை இருந்துச்சு. வாசலைத் தினமும் கூட்டுவாங்க, கொல்லையைக் கூட்ட மாட்டாங்க. வாழையடியில சருகு கெடக்கும், கோழி கிளறும், முருங்கை மரத்துல மாங்குயில் உக்காரும். இன்னைக்கு ஊருக்குள்ள கொல்லை இருக்கற வீடு எத்தனை இருக்கு? கார் நிறுத்த சிமெண்டு போட்டாச்சு. வடக்கேர்ந்து ராத்திரியில பறந்து வர்ற பறவைக்கு முன்னாடியெல்லாம் தெருவுக்குப் பத்து கொல்லை இருந்துச்சு, இப்ப ஊருக்கு ஒரு பார்க்கு. அவர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன், கொல்லையைப் பத்திச் சொன்னப்ப கொஞ்ச நேரம் யோசிச்சார், அவங்க வீட்டுக் கொல்லையில இருந்த நார்த்தை மரத்தைப் பத்திப் பேசினார், ஆனா மனுவைத் திரும்ப வாங்கிக்கலை.

அடுத்த பிரச்சனை நாவல் மரம். மேக்கால கேட்டுக்கிட்ட நிக்கற நாவல்ல ஒரு காஞ்ச கிளை இருக்கு, அதோட அடிப்பக்கத்துல செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைஞ்சிருக்கு. மாசியில 'டுக் டுக் டுக்'னு விடாம ஒரு சத்தம் கேக்குதே, முதுகெல்லாம் பச்சையும் நெத்தியிலயும் நெஞ்சுலயும் செவப்பும் வச்ச அந்தச் சின்னப் பறவைதான். பட்ட மரத்துலதான் அதால குடைய முடியும், பச்சை மரத்துல முடியாது. இப்ப கோடைக்கு முன்னாடி காஞ்ச கிளையெல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. நடைபாதைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கற கிளை யார் தலையிலயாவது விழுந்துரும், அதை வெட்டத்தான் வேணும். ஆனா பொந்து இருக்கற கிளை உள்பக்கமா, புல்லுக்கு மேலதான் இருக்கு, நுனியைக் கழிச்சு பாரத்தைக் குறைச்சுட்டு அடிக்கட்டையை விட்டா யாருக்கும் ஆபத்தில்லை. குஞ்சு பொரிச்சு எறங்கற வரைக்கும், சித்திரை முடியற வரைக்கும் விட்டாக்கூடப் போதும். மனு ரெடியா இருக்கு. எங்க ஊர்க்காரங்க யாராச்சும் இதைப் படிச்சா, இந்த ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு அந்த நாவல் மரத்தடிக்கு வாங்க, பொந்தைக் காட்டறேன், பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.